அறுபது சென்ட்

பிரேக் டிரம் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து
உட்புறத்தில் கணக்குப் போட்டோம்,
ஆர்டன் ஃப்ரீசனும் நானும்,
கிரீஸ் பென்சிலால், சாப்பாட்டு இடைவேளையில்.
வெளியே ஷைலோ முகாம்
பூஜ்யத்துக்கு முப்பத்தொரு பாகை கீழே கிடந்தது.

அவன் அரசாங்க மெக்கானிக். சீருடை இல்லை. மணிக்கூலி:
முப்பத்தொன்பது டாலர் நாற்பது சென்ட்.
நான் கார்ப்பரல். தொழிற்படியும் சேர்த்து
மாதம் ஆறாயிரத்து நானூறு.
நூற்று அறுபதால் வகு என்றான்.
வகுத்தேன். நாற்பது.
"அறுபது சென்ட் உனக்குத்தான் கூட, கூர்ஷேன்.
காபி உன் செலவு."

நூற்று அறுபது மணி என்று யார் சொன்னது?

அக்டோபர் பயிற்சியில் பதினெட்டு நாள்
லாரிக்கு அடியில் படுத்திருந்தேன்.
பழுது பார்த்த மணி எது,
அதே இடத்தில் கண்ணயர்ந்த மணி எது,
பிரித்துச் சொல்ல எனக்கே வராது.
இருநூற்று நாற்பது என்று வைத்துக்கொள் என்றான்.
வைத்தேன்.
இருபத்தாறு டாலர்,
புள்ளிக்குப் பின் ஆறு, ஆறு, ஆறு,
அட்டையின் ஓரம்வரை போய்
ஓரம் தீர்ந்ததால் நின்றது.

நேர்மையானவன் ஆர்டன்.
லாட்வியா போனதற்குத் தனிப்படி தந்தார்களே,
அதையும் ஏற்று என்றான். ஏற்றினேன்.
உன் பல்லுக்கு ராணுவம் பொறுப்பு என்றான்,
வாயைத் திறந்து தன் கடைவாய்ப் பல்லைக் காட்டினான்:
எண்ணூறு டாலர், போன மாதம்.
அவன் ஸ்பேனர்கள் அவன் காசு.
அந்தச் சிவப்புப் பெட்டிக்கு இன்னும் தவணை கட்டுகிறான்.
என்னுடையவை கையெழுத்துப் போட்டு வாங்கியவை,
ஒன்று தொலைந்தால் மூன்று படிவம்.

என் பக்கம் ஒன்று மிச்சமிருந்தது.
மூன்று இடமாற்றத்தில்
மூன்று வேலையை விட்டுவந்த என் கணவன்.
அவனைக் கூட்டலில் எழுதுவதா கழித்தலில் எழுதுவதா?
பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தேன்.

நாலு மணிக்குச் சார்ஜன்ட் மக்கிசாக் வந்தார்.
அந்த லாரி காலை ஐந்துக்கு ஓட வேண்டும்.
சிவிலியன்களுக்கு ஓவர்டைம்
மார்ச் முடியும்வரை கிடையாது.
எனக்குக் கிடையாது என்று சொல்லவேண்டிய அவசியமே இல்லை,
எப்போதும் கிடையாது.
செஞ்சோற்றுக் கடனுக்கு
எந்த ஊரில் மணிக்கணக்கு?

ஆர்டன் மதிய உணவுப் பையோடு கதவருகில் நின்றான்.
இனி அவன் ஸ்பேனரைத் தொட்டால்
சங்கம் கேட்கும், காப்பீடு கேட்காது.
பை அவன் கையில் ஆடிக்கொண்டிருந்தது.
"விளக்குப் பிடிப்பது வேலையா?"
"விதியில் பார்த்ததில்லை" என்றேன்.
அவனும் பார்க்கவில்லை.

பிடித்தான். பிடித்தபடியே பேசினான்:
இடது போல்ட்டைச் சூடாக்கு. இன்னும்.
அது இல்லை, அதற்குப் பின்னால்.
ஆறே முக்காலுக்கு போல்ட்டின் தலை முறிந்தது.
அவன் வீட்டு ஜெர்மனில் ஏதோ சொன்னான்,
பிரார்த்தனை இல்லை என்பது மட்டும் புரிந்தது.
முறிந்ததைத் துளைத்து எடுக்க ஒன்பதாயிற்று.
ஒருமுறைகூட விளக்கு நடுங்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஓவராலைக் கழற்றும் முன்
குளியலறைக் கண்ணாடியில் முதுகைப் பார்த்தேன்.
குளிருக்குக் கீழே விரித்துப் படுத்தது
அந்த அட்டையைத்தான்.
கிரீஸ் பென்சில் துணியில் ஒட்டி வந்திருந்தது,
கண்ணாடிக்குள் மட்டும் நேராக:
ஆறு, ஆறு, ஆறு.

மறுநாள் காபி நான்தான் வாங்கினேன்.
பெரியது. இரண்டு கரண்டி சர்க்கரை.
ஆர்டன் மிச்சச் சில்லறையை எண்ணிப் பார்த்தான்,
ஒன்றும் சொல்லவில்லை,
அடுத்த லாரியின் கீழே போனான்.